கண்ணாடி போட்ட மாடு

மாடு ஏறாத வீட்டுக்குள் தான் கால் வைக்கப் போவதில்லை என்று அம்மா சொன்னபோது, அப்பாவின் கையில் புது வீட்டுக் கதவின் திறப்பு கிலுங்கிக்கொண்டிருந்தது. வீடு வாங்கிய செய்தியைச் சொல்வதற்காகவே அவர் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அது எண்பதுகளின் பிற்பகுதி. எனக்கு ஒன்பது வயது. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில், ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். சமைக்கிற குசினி கீழே, இன்னொரு குடும்பத்தோடு பங்கு. அப்பா ஒரு பண்டகசாலையிலும் பெற்றோல் ஷெட்டிலுமாக ஷிப்ட் மாறி ஷிப்ட் வேலை செய்து, லேட்டன்ஸ்டோனில் ஒரு தெருவின் கடைசி வீட்டை வாங்கியிருந்தார். அந்தத் தெரு முடிகிற இடத்தில் புல்வெளி தொடங்கியது. அதற்கு அப்பால் காடு. லண்டனுக்குள் காடு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மா கோபப்படவில்லை. கழுவிய பருப்பின் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார்.

"குடிபூரலுக்கு முதல்ல மாடு ஏறவேணும். பிறகுதான் மனிசர். அதுதானே முறை."

"இது லண்டன். இஞ்ச மாட்டுக்கு நான் எங்க போறது?"

"எனக்கென்ன தெரியும்? மாடில்லாமல் ஏலாது."

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊரிலயும் மாடும் கண்டுமா ஏத்தித்தானே குடிபூந்தனாங்கள். சண்டைக்குத் தப்பி ஓடி வந்த பிறகு, இப்ப அந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு சொல்லும் பாப்பம்!"

அம்மா பருப்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். அன்று எங்களுக்குப் பாணும் ஜாமும்தான். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலையில்லாத நாள்களில் என்னைக் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போய்ச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார். நான் வெறும் அறைகளில் என் குரல் எதிரொலிப்பதைக் கேட்டுக்கொண்டு திரிவேன். அம்மா ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. அம்மா எங்கள் ஒற்றை அறைக்கும் ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டதில்லை. "போற ஆக்களுக்கு என்னத்துக்கு?" என்பார். நான் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

இந்த விசயத்துக்குள்தான் மாமா நுழைந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவர் வருவதற்கு முன்னமே படிக்கட்டில் அவருடைய வாசம் வந்துவிடும். கரும்புப் பாணியும் கடல் உப்பும் இரும்பும் கலந்த ஒரு வாசம். ரொம்ஃபர்டுக்கு அப்பால் ஒரு பெரிய தகரக் கொட்டகையில் அவருக்கு வேலை. மேய்ச்சல் மாடுகள் நக்குவதற்கான உப்புக்கட்டி செய்கிற இடம். பத்துப் பேர் இழுத்தாலும் அசையாத தொட்டியில் உப்பையும் பொடிகளையும் கொட்டிக் கலக்கி, பாணி விட்டு இறுக்கி, தலையணை அளவு கட்டிகளாக வார்த்தெடுப்பார்கள். மாமா அதை விவரிக்கும்போது கோவில் அபிஷேகத்தை விவரிப்பது போலிருக்கும்.

"மாடு புல்லுத் திண்டால் போதாதோ மாமா?" என்று கேட்டேன்.

"புல்லுப் பச்சையாத்தான் கிடக்கும் பிள்ளை. ஆனா மண்ணில இல்லாதது புல்லில வராது. புல்லில இல்லாதது மாட்டில வராது. சில மண்ணில செம்பு காணாது. சில மண்ணில கோபால்ட் இல்லை. வயிறு முட்டத் திண்டு திண்டு மாடு மெலிஞ்சுகொண்டு போகும். வசந்த காலத்தில இளம் புல்லை மேஞ்சிட்டு, மக்னீசியம் காணாமல் நிண்ட நிலையில விழுந்து துடிக்கும்."

"தனக்கு என்ன இல்லையெண்டு மாட்டுக்குத் தெரியுமோ?"

"ஒண்டும் தெரியாது. அது உப்புக்கு மட்டும்தான் நாக்கை நீட்டும். மற்றதெல்லாத்தையும் நாங்கள் உப்புக்குள்ள ஒளிச்சு வைக்கிறம்." சொல்லிவிட்டு மாமா தானே சிரித்தார்.

ஒருநாள் சிகரெட் தாளில் மடித்து, நகத்தளவு நீலப் பொடி கொண்டுவந்து காட்டினார். மயில்துத்தம். செம்பிலிருந்து வருவது. வெயிலில் பிடித்தபோது அது மயிற்கழுத்தைப் போல் மின்னியது. இவ்வளவுதான் ஒரு கறுப்பு மாட்டைப் பல நாளைக்குக் கறுப்பாகவே வைத்திருக்கிறது என்றார். இது குறைந்தால் கறுப்பு மயிர் துருப்பிடித்தாற்போல் சிவந்துபோகும். கண்ணைச் சுற்றி நரைத்து, மாடு கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். இதையே செம்மறி கூடுதலாக நக்கினால் செத்துப்போகும். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய மாடு இத்தனை சின்னப் பொடியில் தங்கியிருக்கிறது! அன்று முழுக்க என்னுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்குள் என்னென்ன நகத்தளவு கிடக்கிறதோ என்று.

வைகாசி மாதத்து ஒரு காலை. நானும் அப்பாவும் பஸ்ஸில் புது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ் நின்றது. நெடுநேரம் நகரவில்லை. எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நடுவே மாடுகள். கறுப்பும் செம்மண் நிறமுமாக ஒரு கூட்டம், ஒருவரையும் கணக்கில் எடுக்காமல் நடந்துகொண்டிருந்தன. ஒன்று வட்டச் சந்தியின் புல்லில் படுத்து அசைபோட்டது. டிரைவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, காட்டோரத்து ஆட்களுக்கு அங்கே மாடு மேய்க்கப் பழைய காலத்து உரிமை இருக்கிறது என்றும், வருசா வருசம் தன் பூச்செடிகளை அவை தின்றுவிடுகின்றன என்றும், மழை வருவதைச் சொல்வது போல் சொன்னார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அவர் வாய் பிளந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இதைச் சொன்னபோது அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ரோட்டில நிக்கிற மாடு ரோட்டிலதான் நிக்கும். வீட்டுக்குள்ள வருமே?"

மாமா சோற்றுக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "வந்தா நீங்கள் வருவீங்களோ அக்கா?"

"உனக்கு விசர்."

"சொல்லுங்கோ. வந்தா?"

அம்மா சிரித்தார். குழந்தைகளின் விளையாட்டுக்குச் சம்மதிக்கிற சிரிப்பு. "ஓம், வாறன்" என்றார்.

மாட்டை வீட்டுக்கு இழுக்கும் வேலையை மாமா அதற்கு அடுத்த கிழமையே தொடங்கினார். கொட்டகையில் உடைந்துபோன கட்டிகளை வேலையாட்கள் எடுத்துப்போகலாம். அப்படி ஒன்றைச் சாக்கில் சுற்றி ரெயிலில் கொண்டுவந்து, தெருமுனைப் புல்லில் வைத்தார். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை நாங்கள் போனபோது கட்டியின் மேற்பக்கம் பளபளவென்று, ஆற்றுக்கல் போல் வழுவழுத்திருந்தது. "கண்டுபிடிச்சிட்டுதுகள்!" என்று மாமா கத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தக் கட்டி கொஞ்சம் இடம் மாறியது. புல்லிலிருந்து நடைபாதைக்கு. நடைபாதையிலிருந்து எங்கள் கேட்டுக்கு. பள்ளி விடுமுறை வந்ததும் நான் அப்பாவோடு தினமும் போனேன். காலையில் மாடுகள் வரும்போது முதலில் சத்தம்தான் வரும். தார் ரோட்டில் குளம்புகள் சோம்பலாக விழும் சத்தம். பிறகு மூச்சு. பிறகு நாக்கு. நீளமான, சாம்பல் நிற, மரம் அராவுகிற அரம் போன்ற நாக்கு. ஒரு மாடு நக்கி முடியும்வரை மற்றவை வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அந்த ஒழுங்கு கிடையாது.

அவற்றில் ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தது. கறுப்பு உடம்பு துருவேறிச் சிவந்திருந்தது. மாமா சொன்ன அதே கண்ணாடி. அதுதான் எப்போதும் கடைசியாகப் போகும். மற்றவை திரும்பிய பிறகும் கட்டியைக் கட்டிப்பிடித்தாற்போல் நின்று நக்கும். "இதுக்குத்தான் கனக்கத் தேவை" என்றார் மாமா. குனிந்து அதன் கீழே பார்த்தவர், "அட கடவுளே!" என்றார்.

"என்ன மாமா?"

"பிள்ளை, இதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாத. இது ஆண் மாடு, நாம்பன். எல்லாமே நலமடிச்ச நாம்பன்கள். இறைச்சிக்கு வளக்கிறதுகள்."

"அப்ப பசு இல்லையோ?"

மாமா யோசித்தார். "லண்டன் பசு" என்றார்.

ஆவணியில் நாள் பார்த்தார்கள். அம்மா மறுக்கவில்லை. ஆனால் முதல்நாள் இரவு அவர் ஒன்றையும் எடுத்துவைக்காமல், எப்போதும் போல் படுத்துத் தூங்கினார். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன்.

காலையில் தூறல். ஐயர் குளிருக்கு மேல்கோட்டும் அதன் கீழே வேட்டியுமாக நின்றார். மாவிலைக்குப் பதில் வேலியிலிருந்து ஏதோ தடித்த இலையைப் பறித்து நிறைகுடத்தில் வைத்திருந்தார்கள். அம்மா கூறைச்சேலைக்கு மேல் அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்றார். கதவு அகலத் திறந்து கிடந்தது. கூடத்தில் வழுக்காமல் இருக்க மாமா சாக்குகளை விரித்து, குசினி வாசலில் ஒரு முழுப் புதுக் கட்டியை வைத்திருந்தார்.

மாடுகள் வரவில்லை.

ஐயருக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பா தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மாமாவைக் காணவில்லை, புல்வெளிப் பக்கம் ஓடியிருந்தார். அம்மா மட்டும் அமைதியாக நின்றார். அவ்வளவு அமைதியான முகத்தை அதற்கு முன் அவரில் நான் பார்த்ததில்லை. "பரவாயில்லை. மழைக்குள்ள அதுகள் என்னெண்டு வரும்? பிறகொருக்காப் பாப்பம்" என்று அப்பாவின் கையைத் தொட்டார்.

அப்போது குளம்புச் சத்தம் கேட்டது.

தூறலுக்குள்ளிருந்து அவை வந்தன. முதலில் மாமா, ஒரு உடைந்த கட்டியை மார்போடு அணைத்தபடி, பின்புறமாக நடந்து வந்தார். சட்டை முழுக்கப் பாணி வழிந்திருந்தது. அவர் பின்னால் கண்ணாடி போட்ட மாடு. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும். அவற்றின் முதுகுகளிலிருந்து ஆவி எழுந்தது. தெரு முழுக்க ஆவியும் மூச்சும் கறுப்பும் செம்மையுமாக நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஐயர் மணி அடிக்க மறந்து நின்றார்.

கண்ணாடி மாடு கேட்டைத் தாண்டியது. படியில் ஒரு காலை வைத்து, மோந்து, மூச்சை ஊதியது. உள்ளிருந்து உப்பின் வாசம் வந்திருக்கவேண்டும். தோள்கள் கதவு நிலையில் உரசின. அப்பா அடித்த வெள்ளைப் பெயின்டில் துரு நிற மயிர் ஒட்டிக்கொண்டது. பலகை நிலம் முனகியது. அடுத்த கணம் எங்கள் கூடம் முழுக்க மாடு. அந்த வீட்டில் என் குரல் எதிரொலித்த இடத்தில் இப்போது நாக்கு கட்டியை அராவும் சத்தம் எதிரொலித்தது. கும்பிட்டேனா, அழுதேனா என்று நினைவில்லை. வெறும் உப்பும் நகத்தளவு நீலமும் இவ்வளவு பெரிய ஒன்றைக் காட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.

அது கூடத்திலேயே சாணமும் போட்டது. ஐயருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இதைவிட என்ன வேணும்!" என்றார்.

அந்தநேரம் பார்த்துத் தடியும் தொப்பியுமாக மாட்டுக்காரர் ஓடி வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நிறைகுடத்தைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். கட்டியைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்த மனிதர் மாட்டை ஒட்டி உள்ளே நுழைந்து, அதன் தலையைத் திருப்பி, கண்ணோரத்தைப் பெருவிரலால் தடவினார். வெள்ளை வளையத்துக்குள் புதுக் கறுப்பு மயிர் அரும்பியிருந்தது. "அட, இவன் தேறிவிட்டானே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் வைத்த கட்டியை இவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மார்கழிக்குள் இறைச்சிக்கு அனுப்புகிற நிலைக்கு வருவானா என்று கவலைப்பட்டேன். இனிப் பயமில்லை. நல்ல பயல்."

"அவர் என்ன சொல்லுறார்?" என்று அம்மா நடைபாதையிலிருந்து கேட்டார்.

அப்பா தன் காலில் கிடந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். ஐயர் வானத்தைப் பார்த்தார். மாமா மாட்டின் முதுகில் தட்டினார்.

"நல்ல பால்மாடாம் அக்கா. ரெண்டு கண்டு போட்டதாம்."

அம்மா மெல்ல நடந்து படியடிக்கு வந்தார். மாட்டின் பின்னால் நின்று பார்த்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு சற்றுக் குனிந்தார். பார்த்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா நிமிர்ந்தார். மாட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தார். நனைந்த தலையும், பாணி வழிந்த சட்டையும், உப்பில் வெடித்த கைகளும். நாக்கின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா மழைக்கோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தார்.

மாடு கூடத்தில் திரும்ப இடமில்லை. மாட்டுக்காரரும் மாமாவுமாகக் கட்டியை இழுத்து இழுத்து, அதைக் குசினி வழியாகப் பின்வளவுக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் கேட் வழியாக வெளியே விட்டார்கள். வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது நடந்து போனது. அப்பா மாட்டுக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவர் வாசலில் நின்று குடித்துவிட்டு, மிச்சக் கட்டியைத் தான் எடுத்துப்போகலாமா என்று கேட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் முழுக்க அவர் பின்னால் போனது.

அம்மா குசினியில் பால் காய்ச்சினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பரவியது. எல்லோரும் சந்தோஷத்தில் சத்தம் போட்டார்கள். அம்மா அடுப்பைக் குறைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாடு வந்த சந்தோஷம் என்று நினைத்தேன். நாம்பனைப் பசுவாகக் காட்டி அம்மாவின் கண்ணைக் கடவுள் மறைத்துவிட்டார் என்றும் நினைத்தேன். அம்மா பிறந்து வளர்ந்தது மாட்டுப்பட்டி உள்ள வீட்டில். தூரத்தில் நடந்து வருவதை வைத்தே நாம்பனா பசுவா என்று சொல்லக்கூடியவர். லண்டனில் கேட்டால் கிடைக்காது என்று நம்பித்தான் மாட்டைக் கேட்டார் என்பதும், கடைசி நேரத்தில் 'இது பசு இல்லை' என்று ஒரு சொல் சொல்லித் திரும்பிப் போய்விட அவருக்கு வழி இருந்தது என்பதும், தம்பியின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார் என்பதும் அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, இனி நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போகத் தேவையில்லைத்தானே?"

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்றார். நான் குதித்துக்கொண்டு ஓடிப்போய் அதை எல்லோருக்கும் சொன்னேன்.